ரெண்டு பேருக்கு ஒரு மதர்போர்டு

புராசஸர் ஓசியில் வந்தது. வில்லங்கமும் அதே பெட்டியில்தான் வந்தது.

‘புயல்துறை’ என்ற கணினி விளையாட்டின் கீழ்ப்பிரிவை ஜெயித்த ‘அளத்துக்காரி’ என்ற கணக்குக்கு அனுப்பிய பரிசு அது. பிஸ்கட்டை விடக் கொஞ்சம் பெரிய சதுரம், அடியில் பொடிப்பொடியாகத் தங்க நிறப் புள்ளிகள். இசக்கிப்பிரியா அதை வந்த கூட்டோடு டிபன் டப்பாவில் வைத்து, டப்பாவை மடியில் இடுக்கிக்கொண்டு மினி பஸ்ஸில் தூத்துக்குடி டவுனுக்கு வந்தாள். கூடவே பிரின்சி மேரி. காலையில் அளத்தில் உப்பு வாரிவிட்டு நேரே ஓடிவந்தவள், கணுக்காலில் வெள்ளை பூத்திருந்தது.

ஜெபசிங்கின் கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. அவர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“யாத்தே! இதை எங்கன புடிச்சிய?”

“ஜெயிச்சோம் அண்ணாச்சி,” என்றாள் இசக்கி.

“யாரு ஜெயிச்சா?”

“நாங்கதாம்.”

“நாங்கன்னா? இந்த ஆட்டத்துல ஒரு கணக்குக்கு ஒரு ஆளுதானம்மா.”

“அந்த ஒரு ஆளு நாங்க ரெண்டு பேரும்தாம்,” என்று பிரின்சி சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை.

கேட்டால் கோமாளித்தனமாகத்தான் இருக்கும். பத்து வயதில் இருவரும் காலனி முக்கிலிருந்த பிரௌசிங் சென்டருக்குப் போவார்கள். இருவர் கையிலும் இருப்பதைக் கூட்டினால் ஒரு நாற்காலிக்குத்தான் காணும். ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி இடுப்பை ஒட்டிக்கொண்டு உட்காருவார்கள். வலப்பக்கம் உட்கார்ந்த இசக்கி வலக்கையால் மவுஸைப் பிடிப்பாள், இடப்பக்கம் உட்கார்ந்த பிரின்சி இடக்கையால் கீபோர்டைத் தட்டுவாள். ஆட்டம் என்பதே இரண்டு பேர் சேர்ந்து ஆடுவது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். அது தப்பு என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. தெரிந்தபோது கை பழகிவிட்டது. பிறகு பிரௌசிங் சென்டரை மூடினார்கள். அங்கே கிடந்த ஒரு ஓட்டைக் கணினி இசக்கி வீட்டுக்கு வந்தது. ஆட்டமும் அப்படியே வந்தது.

புயல்துறையில் வெறும் சுடுகிற வேலை கிடையாது. புயலில் ஆடுகிற கப்பலிலிருந்து கன்டெய்னர்களைக் கிரேனால் தூக்கிக் கரையில் அடுக்க வேண்டும். அடுத்த கிரேன்காரன் தட்டிப் பறிப்பான். காற்று ஒரு பக்கம் இழுக்கும், அலை மறுபக்கம் எறியும். கிரேனை நகர்த்துவது பிரின்சியின் இடக்கை, கொக்கியை இறக்குவது இசக்கியின் வலக்கை.

அதில் மேல்பிரிவுக்குப் போகிறவனுக்கு விளையாட்டு முடிந்து பிழைப்பு தொடங்கும். துறைமுகக் கிரேன்களில் இப்போது ஆள் ஏறுவதில்லை. வீட்டிலிருந்தபடியே கணினியில் ஓட்டுகிறார்கள். ‘கடல்வாசல்’ என்ற கம்பெனி மேல்பிரிவிலிருந்துதான் ஆள் எடுக்கிறது. மாதச் சம்பளம், காப்பீடு, லீவு எல்லாம் உண்டு. இசக்கி பி.எஸ்ஸி. இயற்பியல் படித்து முடித்து, ஏறின ஆபீஸிலெல்லாம் “அப்பா என்ன பண்றார்? அம்மா?” என்ற இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னதோடு திரும்பி வந்தவள். கடல்வாசல் அப்பாவைக் கேட்காது. அதனால்தான் அவளுக்கு இந்த வேலை மேல் வெறி.

“மேல்பிரிவு ஆடணும்னா கடல் மொத்தத்தையும் உங்க கம்ப்யூட்டரே கணக்குப் போடணும். அதுக்குத்தான் இந்தப் புராசஸரு,” என்றார் ஜெபசிங். “உங்ககிட்ட இருக்குற பழைய போர்டுல இது உக்காராது. கட்டவண்டியில ரயில் சக்கரத்தை மாட்டவா முடியும்? இதுக்குன்னு போர்டு வேணும். இதுக்குன்னு வார எல்லாப் போர்டுலயும் சாட்சி இருக்கும்.”

“தெரியும்,” என்றாள் இசக்கி கடுப்பாக.

“தெரிஞ்சுதான் ரெண்டு பேரா வந்தியளா?”

சாட்சிச் சில்லைப் பற்றித் தெரியாதவர் யார்? எங்கோ ஒரு துறைமுகத்தில் முதலிடத்தில் இருந்த கிரேன் டிரைவர் மனிதனே இல்லை, எவனோ எழுதிவிட்ட புரோகிராம் என்று கண்டுபிடித்தார்கள். கன்டெய்னர் கீழே விழுந்து ஆள் செத்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். சட்டம் வந்தது. மதர்போர்டிலேயே ஒரு சில்லு. உட்கார்ந்திருப்பது மனிதன்தான், ஒரே மனிதன்தான், எப்போதும் அதே மனிதன்தான் என்று அது சாட்சி சொல்ல வேண்டும். ஒரு தடவை ஒரு கையைப் படித்துவிட்டால் ஆயுசுக்கும் அந்தக் கைதான்.

சட்டம் போட்டவர்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு கணினி இருந்திருக்கும். ஒன்றை ஏழு பேர் பகிர்ந்துகொள்கிற வீடு என்று ஒன்று உண்டென்று அவர்கள் மண்டையில் ஏறவில்லை. பிரௌசிங் சென்டர்கள் மூடப்பட்டதே அதனால்தான். அண்ணன் உட்கார்ந்து பழக்கின கணினியில் தங்கச்சி பரீட்சை எழுதினால் ‘ஆள்மாறாட்டம்’ என்று வந்தது. காலனியில் அப்படித் தேர்வு போன பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு நாதி இல்லை.

ஜெபசிங் மூன்று போர்டுகளை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார்.

“இது கடல்வாசல் போர்டு. அவனே இலவசமாக் குடுப்பான். கேமரா கூடவே வரும். மவுஸைப் பிடிச்சா நாடித்துடிப்பை எண்ணிரும். நீ சோறு திங்க எந்திரிச்சாக்கூட அவனுக்குத் தெரியும். அவன் வேலையைத் தவிர வேற என்னமும் இதுல ஓடாது.”

“அப்போ அது அவன் போர்டு. என் வீட்டுல கெடக்கும், அம்புட்டுத்தான்,” என்றாள் இசக்கி. “அடுத்தது?”

“இது குடும்ப போர்டு. நாலு பேரு வரை சேத்துக்கிடலாம். ஆனா ஒரே ரேஷன் கார்டுல இருக்கணும். நீங்க சொந்தமா?”

“இல்ல.”

“ஒரே தெருவா?”

“தெரு ஒண்ணுதாம்.”

“தெருவுக்கெல்லாம் கார்டு கெடையாதும்மா. பேரைப் பாத்தாலே தெரியுது. நீ இசக்கி, அவ மேரி.”

“தெரியுதுல்லா? பெறவு என்னத்துக்குக் கேக்கீய?”

பிரின்சி அவள் முழங்கையில் இடித்தாள். “சும்ம இரேன்ட்டி. அவரா சட்டம் போட்டாரு?”

மூன்றாவது போர்டின் பெட்டியில் தூசி அப்பியிருந்தது. ஜெபசிங் அதை ஊதினார். “இது சாட்சி வந்த புதுசுல வந்தது. யாரும் வாங்கல. பயாஸை, அதான் போர்டை எழுப்பிவிடுற புரோகிராமை, புதுசாக்கிட்டா இந்தப் புராசஸரை எடுத்துக்கிடும். ஆனா புராசஸருக்குக் கரண்டு குடுக்குற பாகம் இதுல நோஞ்சான். கொதிக்கும். பக்கத்துல ஃபேன் ஊதிக்கிட்டே இருக்கணும். சாட்சியும் பழசு. கேமரா கெடையாது, நாடி பாக்காது. ரெண்டு கையை மட்டும் பாக்கும்.”

“கையில என்னத்தைப் பாக்கும்?”

“பூக்கட்டுறவளைப் பாத்திருக்கியா? இடது கை பூவை எடுக்கும்போதே வலது கை நாரைச் சுத்தத் தயாரா நிக்கும். ஒரு கை சொல்லி இன்னொரு கை கேக்காது. ரெண்டுக்கும் உள்ள ஒரே மூளைதான. இருந்தாலும் ரெண்டுக்கும் நடுவுல மயிரிழை மாதிரி ஒரு இடைவெளி உண்டு. அது ஆளுக்கு ஆளு வேற. அதைத்தான் சில்லு படிக்கும். புரோகிராமுக்கு அந்த இடைவெளி இருக்காது. ரெண்டு ஆளு உக்காந்தா இடைவெளி கோணல்மாணலா விழும். டக்குன்னு கண்டுபுடிச்சிரும்.”

“கண்டுபுடிச்சா?”

“மறுத்துரும். மூணு வாட்டிதாம் சான்ஸு. மூணாவது வாட்டியும் தப்புன்னா சில்லு தன்னைத் தானே எரிச்சுக்கிடும். போர்டைத் தூக்கி உப்பளத்துல போட்டுற வேண்டியதுதாம்.”

“சில்லு தப்பாச் சொல்லிட்டா யாருகிட்ட போய்ச் சொல்ல?”

“ஒருத்தருகிட்டயும் சொல்ல முடியாது. அது சொன்னதை மனுசன் மாத்தப்படாதுன்னு சட்டத்துலயே இருக்கு. ஆபீஸர்மாரு கைநீட்டி வாங்கிட்டு மாத்திருவாவன்னு அப்படிப் போட்டுட்டாவ.”

பிரின்சி முடிவெடுத்துவிட்டாள். எடுத்த முடிவைக் கத்தரிக்காய் விலை சொல்வது மாதிரிச் சொன்னாள். “மூணாவதை வாங்கு. உன் கையைப் பதி. நான் பக்கத்துல இருந்து எப்போ எந்தப் பட்டன்னு சொல்லித் தாரேன். ரெண்டு மாசத்துல உன் இடது கை பழகிரும்.”

“நீ?”

“எனக்கென்ன, அளம் இருக்குல்லா. அது எங்கயும் ஓடாது.”

“செருப்பால அடிப்பேன்.”

“அடி. அடிச்சிட்டு உன் பேருல போடு. பட்டம் வாங்கினவ நீ. நான் எட்டாப்பு. எந்தக் கோட்டிக்காரன் என் பேருக்கு வேலை தருவான்?”

ஜெபசிங் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு துடைத்த மேசையையே மறுபடி துடைத்தார். இசக்கிக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? கல்லூரியில் அவளைப் ‘பிரியா’ என்று கூப்பிட்டார்கள். ‘இசக்கி’ என்றால் காட்டுத்தனமாக இருக்கிறதாம். “என் பேரு இசக்கிதாம், கூப்பிட வாய் வலிக்குன்னா கூப்பிடாத,” என்று மூன்று வருஷம் சண்டை போட்டவள் அவள். இப்போது தன் பேருக்காக இன்னொருத்தி பேரை அழிக்க அவளிடமே கேட்கிறார்கள்.

மூன்றாவது போர்டைத்தான் வாங்கினார்கள். கண் இல்லாத சாட்சி போதும் என்றாள் இசக்கி. அதற்கு மேல் எதையும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. பிரின்சி அதை ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டாள்.

மத்தியானம் வீட்டில் மாட்டினார்கள். இசக்கியின் அம்மை செல்லத்தாயி அளத்துக்குப் போயிருந்தாள். கணினிப் பெட்டியின் பக்கத்தை அப்படியே திறந்துபோட்டு, வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேனை அதற்கு நேராகத் திருப்பினார்கள். வெயில் ஓட்டைப் பிளந்துகொண்டிருந்தது. புராசஸருக்குக் காற்று, இவர்களுக்கு வேர்வை.

“மகாராணியைப் பாரு, காத்து வாங்குதா,” என்றாள் பிரின்சி.

திரையில் சாட்சி எழுந்தது. ‘இயக்குபவர் அமரவும்.’

இசக்கி தனியாக உட்கார்ந்தாள். வலக்கையில் மவுஸ். இடக்கையைத் தூக்கிக் கீபோர்டில் வைத்தபோது அது வேறு யாருடைய கையோ போலக் கிடந்தது. கப்பல் ஆடியது. “இடது... இடது... இப்போ விடு!” என்று பிரின்சி காதுக்குள் கத்தினாள். விடுவதற்குள் கொக்கி கடலில் விழுந்தது. வலக்கை மின்னலாகப் போய் நிற்க, இடக்கை கல்யாண வீட்டில் வழி தவறின கிழவன் மாதிரி தடவிக்கொண்டு வந்தது. கடைசியில் திரையில் வந்தது:

‘இயக்குபவர்: இருவர். உறுதி மறுக்கப்பட்டது.’

இரண்டு பேரும் அதை வாய்விட்டுப் படித்தார்கள்.

“இருவரா? யாருட்டி இன்னொருத்தி?” என்று பிரின்சி கேட்டாள்.

“நான்தாம்,” என்றாள் இசக்கி. “என் இடது கை என்னுது இல்லையாம்.”

சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. படித்த படிப்பு அவளுக்குள் கணக்குப் போட்டது. இந்தச் சில்லுக்கு இடைவெளி மட்டும்தான் தெரியும். பழகாத கை எவ்வளவு பிந்தினாலும் அது இன்னொருத்தர் கைதான் என்று நினைக்கும். ஒரு கை முடமானவனும், பக்கவாதம் வந்து எழுந்தவனும் இந்தச் சில்லுக்கு இரண்டு பேர்தான்.

“நீ உக்காரு,” என்றாள்.

“நானா? வேண்டாம்ட்டி, ஒரு சான்ஸு வீணாப் போவும்.”

“எனக்கு மட்டும்தான் கை கோட்டியா இருக்கா, உனக்குமான்னு பாப்போம். உக்காரு மூதி.”

பிரின்சி உட்கார்ந்தாள். இடக்கை கீபோர்டில் தண்ணீராக ஓடியது. வலக்கை மவுஸை, பிடித்த மீன் நழுவிப் போகும் என்பது போல் நசுக்கிப் பிடித்தது. முதல் கன்டெய்னரே பக்கத்துக் கிரேனில் போய் மோதியது. ‘இயக்குபவர்: இருவர். உறுதி மறுக்கப்பட்டது. ஒரு வாய்ப்பு மீதம்.’

டேபிள் ஃபேன் கடகடத்தது. பிரின்சி உட்கார்ந்தபடியே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “கழட்டுட்டி. சில்லு எரியறதுக்கு முன்ன அண்ணாச்சிகிட்டத் திருப்பிக் குடுத்துருவோம். பாதியாவது தருவாரு. புராசஸரையும் வித்துரு.”

“தள்ளி உக்காரு.”

“எதுக்கு?”

“தள்ளி உக்காருன்னா உக்காரு. பாதி நாற்காலி எனக்கு.”

“உனக்குப் பைத்தியமா? தனித்தனியா உக்காந்தாலே ரெண்டு பேருங்குது. சேந்து உக்காந்தா நாலு பேருன்னு போலீஸைக் கூப்பிடும்!”

“கூப்பிடட்டும். இவ்வளவு நேரம் நான் ஒருத்தின்னும், நீ ஒருத்தின்னும் பொய் சொல்லிட்டு உக்காந்திருந்தோம். ஆடினது நாம ரெண்டு பேரு. ஜெயிச்சது ரெண்டு பேரு. இல்லைன்னு சொல்லணும்னா ரெண்டு பேரையும் சேத்து வச்சு மூஞ்சிக்கு நேராச் சொல்லட்டும். எரியறதுன்னா எரியட்டும். பொய் சொல்லி எரியறதுக்கு உண்மையைச் சொல்லி எரியட்டும்.”

பிரின்சி அவளையே பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டுவிட்டு இடப்பக்கம் நகர்ந்து பாதி நாற்காலியைக் காலி செய்தாள்.

ஆட்டம் தொடங்கியதும் இருவரும் சில்லை மறந்துபோனார்கள். பேச்சே இல்லை. பேச வேண்டிய தேவை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அலை தூக்கும்போதே பிரின்சியின் விரல் கிரேனைப் பின்னுக்கு இழுத்தது, இழுக்கும் என்று தெரிந்தே இசக்கியின் கை கொக்கியைத் தாழவிட்டது. கன்டெய்னர் பூப்போல வந்து கரையில் உட்கார்ந்தது. இன்னொன்று. இன்னொன்று. பக்கத்துக் கிரேன்காரன் குறுக்கே வந்தான். இருவரும் ஒரே நேரத்தில் பல்லைக் கடித்தார்கள்.

திரை நின்றது.

‘இயக்குபவர்: ஒருவர். உறுதி வழங்கப்பட்டது.’

முதலில் பிரின்சிதான் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்க ஆரம்பித்தாள். இசக்கி தரையில் விழுந்து சிரித்தாள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தபோது, அவளுக்குக் கோபம் திரும்பி வந்தது. ஒரு நாற்காலிக்கு மேல் வாங்க வக்கில்லாமல் பழகின பழக்கம் இது. அதைப் பார்த்து இந்தச் சில்லு ஒரே ஆள் என்கிறது. முழு ஆளாகத் தனியே உட்கார்ந்தபோது பொய்க்காரி என்றது.

‘இயக்குபவரின் அடையாள எண்ணைப் பதிக்கவும்’ என்று திரை கேட்டது. ஒரே ஒரு கட்டம்.

கீபோர்டு எப்போதும் பிரின்சியுடையது. அவள் இசக்கியின் எண்ணை அடிக்கத் தொடங்கினாள். இசக்கி அவள் கையைப் பிடித்து எடுத்தாள். அடித்ததை அழித்துவிட்டு, தன் பழகாத இடக்கையால் ஒவ்வொன்றாகத் தேடித் தேடி வேறு எண்ணை அடித்தாள். காலனியில் பாதிப்பேருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவள் அவள்தான். பிரின்சியின் எண் அவளுக்கு மனப்பாடம்.

“ஏய்! என்ன செய்யுத? அது என் நம்பரு!”

“தெரியும்.”

“ஏட்டி, வேலை போயிரும்! எட்டாப்புன்னு பாத்தா...”

“கடல்வாசல் படிப்பைக் கேக்கல, கையைத்தான் கேக்கு. எனக்குன்னு ஒரு பட்டம் இருக்கு. அது சோறு போடல, ஆனா நான் இந்த ஊருல இருக்கேன்னு சொல்லுது. உன்னை எவன் கணக்குல வச்சிருக்கான்? அளத்துல உனக்கு ஒரு அட்டை உண்டா? காலு வெடிச்சு நின்னா காசு உண்டா? நாளைக்கு அளமே இல்லைன்னா நீ வேலை செஞ்சதுக்கு ஒரு சாட்சி உண்டா?”

இசக்கி என்டரைத் தட்டிவிட்டாள். ஆயுசுக்கும் மாற்ற முடியாது.

சாயங்காலம் அம்மையிடம் சொன்னபோதுதான் அதன் கனம் தெரிந்தது. செல்லத்தாயி வாசலில் உட்கார்ந்து கால் வெடிப்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். முதலில் சந்தோஷம். பிறகு, “பேரு யாரு பேருல?” என்று கேட்டாள்.

“பிரின்சி பேருல.”

எண்ணெய்க் கை நின்றது. “உன்னைப் படிக்க வச்சது அவ அம்மையா?”

“அம்மா, ரெண்டு பேரும் சேந்துதான்...”

“நான் அதைக் கேக்கல. இந்தக் காலைப் பாருட்டி. இந்தக் கால் உப்புத்தண்ணியில நின்னது உன் பேரை ஒரு எடத்துல எழுதிப் பாக்கணும்னுதாம். எழுத ஒரு எடம் கெடச்சிருக்கு, நீ ஊருக்குத் தானம் பண்ணிட்டு வந்திருக்க.”

“தானம் இல்லம்மா. அவ பங்கு.”

“உன் பங்கு எங்க?”

நியாயம் தன் பக்கம் இருக்கிறது என்று இசக்கிக்குத் தெரியும். அம்மையின் கேள்வியிலும் நியாயம் இருப்பதுதான் எரிந்தது. அம்மை அன்றைக்குச் சோறு போட்டாள். பேசவில்லை. அடுத்த வாரம் முழுக்கப் பேசவில்லை.

அந்த வாரத்தில்தான் ‘அளத்துக்காரி’ மேல்பிரிவில் ஏறினாள். ஒரு ஆட்டத்தில் போர்டு கொதித்துக் கணினி அணைந்தது. அந்த ஆட்டம் போயிற்று. மற்ற எல்லாவற்றிலும் நான்கு கைகளில் இரண்டு சும்மா இருக்க, இரண்டு கைகள் பட்டியலைப் பிய்த்துக்கொண்டு மேலே போயின. கடல்வாசலிலிருந்து அழைப்பு வந்தது. ஆள் எடுக்கும் அதிகாரி, பெயர் கௌதம். முகத்தைப் பார்த்துப் பேசுவாராம்.

செல்போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தார்கள். திரையில் வெள்ளைச் சட்டை, பின்னால் கண்ணாடிச் சுவர்.

“வாழ்த்துகள்! உங்கள்ல பிரின்சி மேரி யாரு?”

பிரின்சி கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்தில் தூக்குவது போல.

“சூப்பர். உங்க டைமிங் மாதிரி நாங்க பார்த்ததே இல்ல. பக்கத்துல யாரு, சிஸ்டரா?”

“இல்ல,” என்றாள் இசக்கி. “நான் வலது கை ஆடுறவ. அவ இடது கை ஆடுறவ. அளத்துக்காரிங்கிறது நாங்க ரெண்டு பேரும்.”

பிரின்சி நாற்காலிக்கு அடியில் அவள் காலை மிதித்தாள். இசக்கி காலை இழுத்துக்கொள்ளவில்லை.

கௌதமின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. “புரியல. ரெண்டு பேர் ஆடறீங்களா? அது... மேடம், அது ஃபிராடு.”

“உங்க சில்லு ஒருத்தருன்னு சொல்லிருக்கே சார்.”

“அது எப்படி சொல்லும்? ஏதோ தப்பு நடந்திருக்கு. நான் இதை ரத்து பண்ணிடறேன்.”

அவர் குனிந்து எதையோ தட்டினார். மறுபடி தட்டினார். நெற்றி சுருங்கியது.

“மாட்டேங்குதா?” என்று இசக்கி கேட்டாள். “சாட்சி சொன்னதை மனுசன் மாத்தப்படாதுன்னு சட்டமாம்லா. எங்க காலனியில ஒரு பிள்ளைக்கு ஆள்மாறாட்டம்னு பரீட்சை போச்சு. அண்ணன் கம்ப்யூட்டருல உக்காந்தது மட்டுந்தான் குத்தம். அவ அம்மை ஆபீஸ் ஆபீஸா அழுதுட்டுத் திரிஞ்சா. எல்லாரும் இதைத்தான் சொன்னாவ. ‘நாங்க என்னம்மா செய்ய, சாட்சியை மாத்த முடியாது’ன்னு. இப்போ நீங்களும் மாத்த முடியாம உக்காந்திருக்கீய. எப்படி இருக்கு சார்?”

“நீங்க கோபமா இருக்கீங்க. புரியுது. நான் மேலே எழுதறேன். சட்டத்தை மாத்தணும்னு சிபாரிசு பண்ண வழி இருக்கு.”

“தாராளமா எழுதுங்க. எழுதும்போது காரணமும் எழுதணும்லா? இந்தச் சாட்சி ரெண்டு பேரை ஒருத்தர்னு சொல்லுது, ஒருத்தியை ரெண்டு பேருன்னு சொல்லுதுன்னு எழுதுங்க. நானும் அவளும் தனித்தனியா உக்காந்து தோத்தது அதே போர்டுல பதிவாயிருக்கு. அதையும் சேத்து அனுப்புங்க. பெறவு இது சொன்ன மத்த சாட்சியெல்லாம் என்னாவும்? உங்ககிட்ட வேலை பாக்குற அத்தனை பேரும் இதே சாட்சியிலதான வந்தாவ?”

கௌதம் நிமிர்ந்து பார்த்தார். முதல் தடவையாக அவர் உண்மையாகவே அவர்களைப் பார்த்தது போல் இருந்தது. பிறகு கண்ணாடிச் சுவருக்கு அப்பால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். குரல் தணிந்தது.

“இங்க பாருங்க. நான் எதையும் கேட்கல, நீங்க எதையும் சொல்லல. பிரின்சி மேரி மட்டும் ஃப்ரேம்ல வரட்டும். நீங்க... நீங்க ஓரமா உக்காந்துக்குங்க. வேலை நடக்கும். எல்லாருக்கும் நல்லது.”

பிரின்சி இசக்கியைத் திரும்பிப் பார்த்தாள். ஒத்துக்கோ என்று அவள் கண் கெஞ்சியது. ஓரமாக உட்காருவது ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஜென்மம் முழுக்க ஓரமாகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

“முடியாது சார்,” என்றாள் இசக்கி. “நாங்க இப்படி ரெண்டு பேராத்தான் உக்காருவோம், எல்லாருக்கும் தெரியத்தான் உக்காருவோம். ஒளிஞ்சு உக்காந்தா எங்க ரெண்டு பேரு வயிறு நிறையும். அந்தப் பரீட்சை போன பிள்ளைக்கு என்ன ஆவும்? இன்னைக்கே நாலு கையும் தெரியுற மாதிரி வீடியோ எடுத்துப் போடப் போறோம். நீங்க வேலை குடுத்தாலும் போடுவோம், குடுக்கலைன்னாலும் போடுவோம்.”

“சம்பளம் ஒண்ணுதான் வரும். ஒரு பேருக்குத்தான் வரும்.”

“தெரியும்.”

“கிரேன்ல ஏதாவது விபத்துன்னா பொறுப்பு அவங்க பேர்லதான். காப்பீடு அவங்களுக்குத்தான். உங்க பேர் எந்த ரெக்கார்டுலயும் இருக்காது. சட்டப்படி நீங்க இல்லவே இல்ல. புரியுதா?”

இதை அம்மை வேறு வார்த்தையில் கேட்டுவிட்டாள். வாசலில் நிழல் தெரிந்தது. செல்லத்தாயி அளத்திலிருந்து வந்து எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

“புரியுது,” என்றாள் இசக்கி. “பேரு அவளுது. வாய் என்னுது. நீங்க இல்லைன்னு எழுதுற ஆளுதான் இவ்வளவு நேரம் உங்களைப் பேசவிடாம வச்சிருக்கா. அதை எந்த ரெக்கார்டுல எழுதுவீய?”

கௌதம் பேனாவை எடுத்தார், வைத்தார். ரத்து செய்யும் பட்டன் இருந்த இடத்தை இன்னொரு தடவை தட்டிப் பார்த்தார் போலும், தோள் தொய்ந்தது. ஃபேன் மட்டும் மதர்போர்டுக்கு ஊதிக்கொண்டிருந்தது.

அதுவரை வாயே திறக்காத பிரின்சி மேரி அப்போது கேமராவுக்குப் பக்கத்தில் நகர்ந்து வந்தாள். பயத்தில் சிவந்த முகம். ஆனால் குரல் அளத்தில் கங்காணியிடம் கூலி கேட்கிற குரல்.

“சார், கப்பலு நிக்குது. பேசிக்கிட்டே இருந்தா சரக்கு தானா எறங்குமா? கிரேனைக் குடுங்க.”